சிமுலேஷன் ஒன்று சொல்கிறது, ஸ்கோப் இன்னொன்று காட்டுகிறது: எதை நம்புவது?

கேள்வி: சார், போர்டு டிசைனில் எனக்கு மூன்று வருட அனுபவம். ஒரு எஃப்.பி.ஜி.ஏ.விலிருந்து (உள் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) மெமரி சிப்புக்குப் போகும் 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் லைன். 1.8 வோல்ட், 6 செ.மீ. நீளம், 50 ஓம் டிரேஸ் (போர்டின் செம்புக் கோடு), டிரைவர் பக்கம் 33 ஓம் சீரீஸ் ரெசிஸ்டர். சிமுலேஷனில் ரைஸ் டைம் (எட்ஜ் ஏற எடுக்கும் நேரம்) 400 பிகோ நொடி, ஓவர்ஷூட் (முழு உயரத்தைத் தாண்டும் அளவு) 5 சதவீதத்துக்குள் இருந்தது. போர்டு வந்ததும் 500 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் (வோல்டேஜ் அலையை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்), அதோடு வந்த 10:1 ப்ரோப்பை வைத்துப் பார்த்தால் ரைஸ் டைம் 1.2 நானோ நொடி, ஓவர்ஷூட் 30%, அதன்பின் ஏறக்குறைய 6 நானோ நொடிக்கு ஒருமுறை ஆடும் ரிங்கிங். மாடலில் ரிசீவர் கெபாசிட்டன்ஸை 5-லிருந்து 14 பிகோ ஃபாரடாக்கி, பேக்கேஜ் இண்டக்டன்ஸை நிறைய ஏற்றி, டிரைவரையும் மெதுவான மாடலுக்கு மாற்றியதும் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன. அந்த மாடல்படி 68 ஓம் போட்டால் ரிங்கிங் குறைகிறது, போர்டில் மாற்றிப் பார்த்தால் ஸ்கோப்பிலும் குறைகிறது. 68 ஓமையே இறுதி செய்யலாமா? எங்கள் மேனேஜர் சிமுலேஷனுக்குச் செலவழித்த நேரமே வீண் என்கிறார்.

பதில்: வணக்கம். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: 68 ஓமை இறுதி செய்யாதீர்கள், பழைய 33-ஐயே திரும்பப் போடுங்கள். உங்கள் முதல் சிமுலேஷன் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்கோப்பும் பொய் சொல்லவில்லை, அதன் முனையில் இருந்த வோல்டேஜை அது ஒழுங்காகக் காட்டியிருக்கிறது. ஆனால் அந்த முனையில் இருந்தது உங்கள் சர்க்யூட் மட்டும் இல்லை, உங்கள் சர்க்யூட்டும் ப்ரோப்பும் சேர்ந்த ஒரு புது சர்க்யூட்.

எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதிய அந்த "6 நானோ நொடிக்கு ஒருமுறை" என்ற எண்ணை வைத்துத்தான். பலர் ரிங்கிங் இருக்கிறது என்று மட்டும் எழுதுவார்கள், அது எவ்வளவு வேகத்தில் ஆடுகிறது என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃப்.ஆர்.-4 போர்டில் சிக்னல் ஒரு நானோ நொடியில் ஏறக்குறைய 15 செ.மீ. ஓடும், அப்படியானால் 6 செ.மீ. கடக்க 0.4 நானோ நொடி. டெர்மினேஷன் (லைனின் முனையில் தடை பொருந்துவது) சரியில்லாமல் லைனே ஆடினால், அந்த ஆட்டத்தின் ஒரு சுற்று ஒருவழி நேரத்தின் நான்கு மடங்கு, அதாவது 1.6 நானோ நொடி. ரிசீவரின் 5 பிகோ ஃபாரட் அதைக் கொஞ்சம் நீட்டும், அதிகம் போனால் 2.5 அல்லது 3 வரும். என்ன செய்தாலும் 6 வராது. சரி, 6 எங்கிருந்து வந்தது? ப்ரோப்பின் பக்கத்திலிருந்து தொங்கும் அந்த முதலைப்பல் கிளிப் ஒயரைப் பாருங்கள். வழக்கமாகப் பத்து செ.மீ.க்குக் குறையாமல் இருக்கும். ஒயருக்கு செ.மீ.க்குச் சுமார் 10 நானோ ஹென்றி என்று வைத்தால் 100 நானோ ஹென்றி. ப்ரோப் முனையில் சுமார் 10 பிகோ ஃபாரட். இந்த இரண்டும் சேர்ந்தால் ரெசனன்ஸ் (இயல்பாக ஆடும் அதிர்வெண்) 159 மெகாஹெர்ட்ஸில் விழும், ஒரு சுற்றுக்கு 6.3 நானோ நொடி. நீங்கள் பார்த்த ஆட்டம் இதுதான். 50 ஓம் சோர்ஸிலிருந்து இப்படி ஒரு ஜோடியை ஓட்டினால் ரைஸ் டைமும் ஏறக்குறைய 1.2 நானோ நொடிக்கு வந்து நிற்கும், அதுவும் உங்கள் அளவோடு பொருந்துகிறது.

இப்போது நீங்கள் மாடலில் செய்த மாற்றத்தைத் திரும்பப் பாருங்கள். ரிசீவரில் 9 பிகோ ஃபாரட் கூட்டினீர்கள், இண்டக்டன்ஸை நிறைய ஏற்றினீர்கள். அந்த 9 பிகோ ஃபாரட் ப்ரோப்புடையது, அந்த இண்டக்டன்ஸ் கிரவுண்ட் ஒயருடையது. தெரியாமலேயே ப்ரோப்பை எடுத்து மெமரி சிப்புக்குள் வைத்துவிட்டீர்கள், அதனால்தான் இரண்டு கோடும் அவ்வளவு அழகாக ஒத்துப்போயின. ஆனால் ப்ரோப்பை எடுத்த பிறகும் உங்கள் மாடலில் அது சிப்புக்குள் இருந்துகொண்டே இருக்கும். அந்த மாடலை வைத்து எடுக்கும் ஒவ்வொரு முடிவும் ப்ரோப் மாட்டிய போர்டுக்கான முடிவு, அந்த நிலையில் எந்தப் போர்டும் வாடிக்கையாளரிடம் போகப்போவதில்லை.

68 ஓம் எப்படிக் கெடுக்கும் என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இது கிளாக் லைன், விளையாட்டான விஷயம் இல்லை. டிரைவரின் உள் தடை 17 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 33-ஐச் சேர்த்தால் சரியாக 50, லைனோடு பொருந்துகிறது, அலை ரிசீவரில் ஒரே தாவலில் முழு உயரத்துக்கு வந்துவிடும். 68 போட்டால் சோர்ஸ் தடை 85. அப்போது முதல் அலை ரிசீவரில் 74% உயரத்துக்குத்தான் வரும், அங்கே ஒரு படிக்கட்டு போல நின்று, போய்த் திரும்பும் 0.8 நானோ நொடிக்குப் பிறகுதான் அடுத்த படி ஏறும். 1.8 வோல்ட் சீமாஸ் இன்புட்டில் 'ஹை' என்று உறுதியாக எடுத்துக்கொள்ளப்படுவது வழக்கமாக சப்ளையின் 65 சதவீதத்துக்கு மேல். இப்போதே இடைவெளி 9 சதவீதம்தான். டிரைவர் சூடாகி, சப்ளை கொஞ்சம் இறங்கி, உள் தடை 30 ஓமுக்குப் போனால் அந்தப் படி 68 சதவீதத்தில் வந்து உட்காரும். கிளாக் எட்ஜ் தன் த்ரெஷோல்டுக்குப் பக்கத்தில் தயங்கி நின்றால், பக்கத்து லைனிலிருந்து வரும் சின்ன இரைச்சல் போதும், ஒரு எட்ஜை ரிசீவர் இரண்டாக எண்ணிவிடும். இதெல்லாம் உங்கள் ஸ்கோப்பில் தெரியாது, 1.2 நானோ நொடிக்குக் குறைவாக நடக்கும் எதையும் அந்த ப்ரோப் தேய்த்துவிடுகிறது. பார்க்க அழகான அலை கிடைத்தது, அதற்கு விலையாக கிளாக்கின் மார்ஜின் போனது. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்த பகுதி இதுதான்.

சரி, என் ஊகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். ப்ரோப் முனையை, அதன் கிரவுண்ட் கிளிப் மாட்டியிருக்கும் அதே புள்ளியில் வையுங்கள். முனையும் கிரவுண்டும் ஒரே இடம், ஸ்கோப்பில் நேர்கோடு வர வேண்டும். அங்கேயும் கிளாக்கின் தாளத்தில் ஏதாவது துள்ளினால், அந்த ஒயர் வளையம் போர்டிலிருந்து காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் முன்பு பார்த்த அலையிலும் அது கலந்திருக்கிறது. அப்புறம் கிளிப்பைக் கழற்றிவிட்டு, ப்ரோப் பெட்டியில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பிரிங் கிரவுண்டைப் போட்டு, ரிசீவர் பின்னுக்குப் பக்கத்திலேயே கிரவுண்ட் வையாவை (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை) தொட்டுப் பாருங்கள். ஒயர் ஒரு செ.மீ. ஆகிவிட்டால் 10 நானோ ஹென்றிதான், ஆட்டம் 6.3-லிருந்து 2 நானோ நொடி அளவுக்குச் சுருங்க வேண்டும், உயரமும் குறைய வேண்டும். கிரவுண்ட் ஒயரின் நீளம் போர்டுக்குத் தெரியாது. அதை மாற்றினால் மாறும் எதுவும் போர்டுடையது கிடையாது.

மூன்றாவது சோதனைதான் எனக்கு முக்கியம். உங்கள் பழைய, கை வைக்காத மாடலை எடுத்து, ரிசீவர் பின்னில் 100 நானோ ஹென்றியும் 10 பிகோ ஃபாரடும் தொடராக கிரவுண்டுக்குப் போட்டு, கெபாசிட்டருக்குக் குறுக்கே உள்ள வோல்டேஜைப் பாருங்கள், ஏனென்றால் ஸ்கோப் பார்ப்பது அதைத்தான். ப்ரோப்புக்குள் கொஞ்சம் தடையும் இருக்கும், அதனால் நிஜத்தில் ஓவர்ஷூட் இதைவிடக் குறைவாக வரும். ஆனால் ஆட்டத்தின் காலம் பொருந்த வேண்டும். பொருந்தினால் சிப் மாடலில் ஒரு எண்ணைக்கூடத் தொடாமல் அளவை விளக்கிவிட்டீர்கள். அதன்பின் ஸ்பிரிங் கிரவுண்டுக்காக 100-ஐ 10 ஆக்கி, அளப்பதற்கு முன்பே என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதிவிட்டு அளங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது: அலையைப் பார்த்த பிறகு நாம் சொல்லும் எந்தக் காரணமும் நமக்குச் சரியாகத்தான் தோன்றும்.

ஸ்கோப்பின் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 500 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் சொந்த ரைஸ் டைமே 0.35-ஐ 500 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வருவது, 700 பிகோ நொடி. 400 பிகோ நொடி எட்ஜ் அதன் வழியாகப் போனால் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்த அளவு, சுமார் 800 பிகோ நொடியாகத் தெரியும். கிளாக் 25 மெகாஹெர்ட்ஸ்தானே, 500 தாராளம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எட்ஜுக்குத்தான் ஸ்கோப் வேண்டும், கிளாக்கின் எண்ணுக்கு இல்லை. இந்த எட்ஜைப் பத்து சதவீதப் பிழைக்குள் பார்க்க 2 கிகாஹெர்ட்ஸ் ஸ்கோப் வேண்டும். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சிமுலேஷன் அலையை 500 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் ஒன்றின் வழியாக அனுப்பி, வெளியே வருவதை அளவோடு ஒப்பிடுங்கள். 800-ஐ 800-ஓடு ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடு. அலை எந்தப் பக்கம் கெடுகிறதோ, மறுபக்கத்தையும் அதே அளவு கெடுத்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

ப்ரோப்பை நம்பாமல் அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு 450 ஓம் ரெசிஸ்டரை நேராக ரிசீவர் பின்னில் சால்டர் செய்து, மறுமுனையில் மெல்லிய 50 ஓம் கோஆக்ஸ் கேபிளை இணைத்து, கேபிளின் ஷீல்டைப் பக்கத்திலேயே கிரவுண்டில் சால்டர் செய்து, ஸ்கோப்பை 50 ஓம் இன்புட்டில் வையுங்கள். பத்தில் ஒரு பங்காகத் தெரியும், கெபாசிட்டன்ஸ் மிகக் குறைவு, ஆடுவதற்கு நீளமான ஒயரே இல்லை. 500 ஓம் லோடு என்பதால் லெவல் 9% குறையும், அதையும் சிமுலேஷனில் அப்படியே போடுங்கள். 10 பிகோ ஃபாரடும் 1 கிகாஹெர்ட்ஸில் 16 ஓம்தான் என்பதை யோசித்தால், 500 ஓம் எவ்வளவு கருணையான லோடு என்று புரியும்.

ப்ரோப் விஷயம் தீர்ந்த பிறகும் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சும், அது மிஞ்சத்தான் வேண்டும். அப்போது முதலில் எங்கே கை வைப்பது? நான் எப்போதும் முதலில் பார்ப்பது எஃப்.பி.ஜி.ஏ.வின் பின் செட்டிங்கை. சிமுலேஷனில் 8 மில்லி ஆம்பியர், ஸ்லோ ஸ்லூ (எட்ஜ் மெதுவாக ஏறும் நிலை) என்று மாடலைத் தேர்ந்தெடுத்திருப்போம், உண்மையில் போர்டில் ஓடும் பில்டில் யாரோ அதை 12, ஃபாஸ்ட் என்று மாற்றியிருப்பார்கள், நம்மிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், பார்க்காமல் வாரக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும். அடுத்து, சிமுலேஷனில் நீங்கள் பார்த்த புள்ளி எது? பல டூல்கள் இயல்பாகவே சிப்புக்குள் இருக்கும் டை பேடில் (உள்ளே உள்ள சிலிக்கான் துண்டின் இணைப்புப் புள்ளி) அலையைக் காட்டும், ப்ரோப் தொடுவதோ வெளியே பின்னில் அல்லது வையாவில். நடுவில் பேக்கேஜ் இருக்கிறது. பின்னில் அலை கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் டையில் சுத்தமாக இருக்கலாம், தலைகீழாகவும் நடக்கும். எங்கே தொட்டீர்களோ அங்கேயே சிமுலேஷனிலும் பாருங்கள். அது ஒத்துப்போனால், டையில் சிமுலேஷன் சொல்வதையும் நம்பலாம், அங்கே ப்ரோப் போகவே முடியாது என்பதால்தான் நமக்கு சிமுலேஷன் வேண்டியிருக்கிறது.

ஐபிஸ் மாடலில் (சிப் பின்களின் நடத்தையைச் சொல்லும் மாடல்) டிபிகல், மின், மேக்ஸ் என்று மூன்று நிலை இருக்கும். உங்கள் மேஜையில் இருப்பது ஒரே ஒரு சிப், அது அந்த எல்லைக்குள் எங்கேயோ இருக்கும். அதனால் ஒற்றைக் கோட்டோடு ஒற்றைக் கோடு ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறான எதிர்பார்ப்பு. மூன்று நிலையையும், டிரேஸ் இம்பீடன்ஸ் (ஓடும் அலைக்கு டிரேஸ் காட்டும் தடை) 45, 50, 55 ஓம் என்பதையும் சேர்த்து ஓட்டுங்கள் (போர்டு செய்பவர்கள் வழக்கமாகத் தரும் உத்தரவாதம் கூட்டியோ குறைத்தோ 10%). ஒரு பட்டை கிடைக்கும். அளந்த அலை அந்தப் பட்டைக்குள் விழுந்தால் மாடல் சரி, மேற்கொண்டு எதையும் திருகாதீர்கள். வெளியே போனால்தான் காரணம் தேட வேண்டும். அப்படித் தேடும்போதும் ஒரு விதியைக் கைவிடாதீர்கள்: தனியாக அளந்து உறுதிப்படுத்த முடிந்த எண்ணை மட்டும்தான் மாடலில் மாற்றலாம். இம்பீடன்ஸ் மேல் சந்தேகமா, டி.டி.ஆர். (எட்ஜை அனுப்பித் திரும்பும் எதிரொலியைப் பார்க்கும் கருவி) வைத்து அளந்து அந்த எண்ணைப் போடுங்கள். சப்ளை மேல் சந்தேகமா, சிப்பின் காலிலேயே வோல்டேஜை அளங்கள். டிரேஸ் அகலம் மேல் சந்தேகமா, வீணான ஒரு போர்டை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், டிரேஸ் செவ்வகமாக இருக்காது, மேலே குறுகிக் கீழே அகன்ற சரிவகமாக இருக்கும். பொருந்தவில்லையே என்பதற்காக மட்டும் ஒரு எண்ணைத் திருகினால், வேறு எங்கோ இருக்கும் தவறை அந்த எண்ணுக்குள் ஒளித்து வைத்துவிடுகிறீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடத்துக்கு முன்பு 10 கிகாபிட் சீரியல் லிங்க் ஒன்றில், அளந்த இழப்பு சிமுலேஷனைவிட அதிகமாக வந்தது. நான் போர்டு மெட்டீரியலின் லாஸ் டேஞ்ஜெண்டை (மெட்டீரியல் சிக்னலை எவ்வளவு விழுங்குகிறது என்ற எண்) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 5 கிகாஹெர்ட்ஸில் இரண்டையும் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் திருப்தி. அடுத்த டிசைனில் டிரேஸ் இரண்டு மடங்கு நீளம், அதே மாடலைப் போட்டதும் ஐ டயக்ராம் (பிட்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த படம், நடுவில் இடைவெளி இருந்தால்தான் லிங்க் ஓடும்) மூடிவிட்டது என்றது, விலை கூடிய மெட்டீரியலுக்கு மாறினோம். பிறகுதான் பழைய போர்டிலேயே நீளமான, குட்டையான இரண்டு டிரேஸ்களை அளந்து கழித்துப் பார்த்தேன். இரண்டிலும் கனெக்டர், வையா எல்லாம் ஒன்றுதான், கழித்தால் அவை போய்விடும், மிஞ்சுவது டிரேஸ் மட்டும். இழப்பின் பெரும்பகுதி கனெக்டர் இறங்கும் இடத்தில் இருந்தது, நீளத்தோடு அது வளராது. நானோ அதை செ.மீ.க்கு இவ்வளவு என்று டிரேஸின் கணக்கில் எழுதியிருந்தேன். மிச்சத்தில் ஒரு பங்கு செம்பின் சொரசொரப்பு. 10 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல் 0.66 மைக்ரானுக்குள்தான் ஓடுகிறது, ஒட்டுவதற்காகச் செய்த சொரசொரப்பு அதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஒரே அதிர்வெண்ணில் பொருத்திப் பார்த்ததுதான் என் தவறு. செம்பின் இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தோடும், மெட்டீரியலின் இழப்பு அதிர்வெண்ணோடு நேராகவும் வளரும், முழு வளைவையும் பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். இப்படி ஃபிக்சரை (கனெக்டர், வையா போன்ற அளவீட்டு இணைப்புகளை) கழிக்கும் முறைகளுக்கு இப்போது ஐ.இ.இ.இ. 370 என்று 2020-இல் வந்த தரநிலையே இருக்கிறது. நெட்வொர்க் அனலைசர் (அதிர்வெண் வாரியாக இழப்பை அளக்கும் கருவி) வேலைக்கு நீங்கள் போகும்போது அதைப் படியுங்கள், இந்த 25 மெகாஹெர்ட்ஸ் லைனுக்கு இப்போது தேவைப்படாது.

உங்கள் மேனேஜரிடம் வாதம் செய்ய வேண்டாம், ஒரு படம் காட்டுங்கள். கை வைக்காத மாடலோடு ப்ரோப்பைச் சேர்த்த சிமுலேஷன், அதன் மேல் அளந்த அலை. பக்கத்தில் ஸ்பிரிங் கிரவுண்டுக்கு நீங்கள் முன்கூட்டியே எழுதிய எண்கள், அதன் பிறகு அளந்த எண்கள். 68 ஓம் போட்டால் டையில் வரும் அந்தப் படிக்கட்டையும் காட்டுங்கள், அது ஸ்கோப்பில் தெரியாமல் போர்டோடு வெளியே போயிருக்கும் என்று சொல்லுங்கள். அவர் கோபத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது: சிமுலேஷன் செய்தவரும் அளந்தவரும் ஒரே ஆள், ஆனால் இரண்டையும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கவில்லை. அடுத்த போர்டிலிருந்து அதைச் செய்யலாம்.

அதற்கு லேஅவுட்டிலேயே இடம் விட வேண்டும். முக்கியமான ஒவ்வொரு லைனிலும் ரிசீவர் பின்னை ஒட்டி ஒரு 450 ஓம் ரெசிஸ்டருக்கான பேட், அதிலிருந்து ஒரு 50 ஓம் டிரேஸ், அதன் முடிவில் சின்ன கோஆக்ஸ் கனெக்டர். ரெசிஸ்டரின் பேட் லைன் மேலேயே இருக்கட்டும், தள்ளி வைத்தால் இடைப்பட்ட டிரேஸ் ஒரு வால் போல லைனில் தொங்கும். அளக்காதபோது ரெசிஸ்டரைப் போடாமல் விட்டுவிடலாம். போர்டின் ஓரத்தில் 5 செ.மீ.யிலும் 15 செ.மீ.யிலும் இரண்டு வெறும் டிரேஸ், இரு முனையிலும் ஒரே மாதிரி கனெக்டரோடு. ஸ்பிரிங் கிரவுண்ட் போட்டு எடுத்த அலையை எனக்கு அனுப்புங்கள், அளப்பதற்கு முன்பு தாளில் எழுதிய எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.